புதருக்குள் மறைந்த முயல்: வேட்டைச் சட்டம் கற்றுத் தரும் பேணுதல்

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே! ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



"ஹழ்ரத், நாய் பிடித்த முயல் கூடுமா?" என்று சில வாரங்களுக்கு முன் தொழுகை முடிந்ததும் ஒரு வாலிபர் கேட்டார். பக்கத்தில் நின்ற பெரியவர், "முயலே கூடாதும்பாங்களே, அதில் நாய் வேறயா?" என்றார். இரண்டு கேள்விகளும் சிறியவையாகத் தோன்றும். ஆனால் நம் இமாம்கள் ஃபிக்ஹுக் கிதாபுகளில் வேட்டைக்கென்றே தனிப் பாடம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தைத் திறந்தால், ஒரு கவளம் உணவு வயிற்றுக்குள் போகும் முன் எத்தனை கேள்விகளைத் தாண்டி வர வேண்டும் என்பது விளங்கும். நம் காலத்தில் நமக்கு அதிகம் தேவைப்படும் பாடம் அது.

மர்ருழ் ழஹ்ரானில் ஓடிய முயல்

மக்காவுக்கு அருகில் மர்ருழ் ழஹ்ரான் என்றொரு பள்ளத்தாக்கு. இன்று அதை வாதி ஃபாத்திமா என்கிறார்கள். அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியை ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஒரு முயலைக் கிளப்பி விட்டார்கள். கூட்டமே விரட்டி ஓடியது. ஓடிய எல்லோரும் களைத்துப் போனார்கள். அனஸ் (ரலி) அவர்கள் மட்டும் விடாமல் ஓடிப் பிடித்துவிட்டார்கள். அதை அபூ தல்ஹா (ரலி) அவர்களிடம் கொண்டு வர, அவர்கள் அறுத்து, அதன் தொடைப் பகுதியை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்பி வைத்தார்கள். அண்ணலார் அதை ஏற்றுக் கொண்டார்கள்.

முஹம்மது இப்னு ஸஃப்வான் (ரலி) அவர்கள் இரண்டு முயல்களைப் பிடித்து, கத்தி கிடைக்காததால் கூரான கல்லால் அறுத்துவிட்டு, கூடுமா என்று நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். உண்ண அனுமதி கிடைத்தது. இது அபூதாவூத், நஸாயீ போன்ற நூல்களில் உள்ளது.

ஆகவே பெரியவரின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. ஷாஃபிஈ, ஹனஃபி, மாலிகி, ஹம்பலி ஆகிய நான்கு மத்ஹபுகளிலும் முயல் ஹலால். முயலுக்கு மாதவிடாய் வரும், அதனால் கூடாது என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி ஒரு அறிவிப்பு இருந்தாலும் அது பலவீனமானது. அதை வைத்து ஸஹீஹான ஹதீஸைத் தள்ள முடியாது. பிடிக்காதவர் சாப்பிடாமல் இருக்கலாம், அது அவர் விருப்பம். அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராம் என்று சொல்லத்தான் யாருக்கும் அதிகாரம் இல்லை.

இன்னொரு தகவல். நம் நாட்டுக் காடுகரைகளில் ஓடும் முயலும், பண்ணையில் வளர்க்கும் வெள்ளை முயலும் வேறு வேறு இனம். பண்ணை முயலின் மூதாதை, மண்ணில் வளை தோண்டி வாழும் இனம். அதன் குட்டி கண் திறக்காமல், ரோமம் இல்லாமல் பிறக்கும். காட்டு முயல் வளை தோண்டாது. புல்லிலோ புதரடியிலோ சிறு பள்ளம் செய்து படுத்திருக்கும். அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். ஹதீஸில் வரும் 'அர்னப்' இந்த ஓடும் இனம்தான். மார்க்கச் சட்டத்தில் இந்த வேறுபாட்டுக்கு வேலை உண்டு. வீட்டில் வளர்க்கும் பிராணிக்கு வேட்டைச் சட்டம் பொருந்தாது. கூண்டு முயலை நாய் கடித்துக் கொன்றால் அது செத்ததுதான். முறையாக அறுத்தால் மட்டுமே ஹலால். வேட்டையில் உள்ள சலுகை, கைக்கு எட்டாமல் ஓடும் காட்டுப் பிராணிக்கும், கட்டு மீறி ஓடிவிட்ட பிராணிக்கும் உரியது.

நாய்க்குக் கிடைத்த மரியாதை

இப்போது வாலிபரின் கேள்விக்கு வருவோம்.

அதிய்யு இப்னு ஹாதிம் (ரலி) என்றொரு ஸஹாபி. கொடைக்குப் பெயர் போன ஹாதிம் தாயியின் மகன். அவர்களுடைய தய்யு கோத்திரம் அஜா, ஸல்மா எனும் மலைகளை ஒட்டி வாழ்ந்தது. நாய்களைக் கொண்டு வேட்டையாடும் மக்கள். அதனால் இஸ்லாத்துக்கு வந்ததும் அவர்கள் விவரமாகக் கேட்ட விஷயங்களில் வேட்டையும் ஒன்று. நாய் தின்றுவிட்டால்? வேறு நாய் கலந்துவிட்டால்? பிராணி காணாமல் போனால்? இப்படி அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்க, நபி (ஸல்) அவர்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். இன்று நம் கையில் இருக்கும் வேட்டைச் சட்டத்தின் பெரும்பகுதி அந்தக் கேள்விகளால் வந்தது. கேட்கத் தெரிந்த ஒரு மனிதரால் உம்மத்துக்கே பலன் கிடைத்தது.

ஸூரத்துல் மாயிதாவின் 4-வது வசனம் இந்த அனுமதியைச் சொல்கிறது. அல்லாஹ் உங்களுக்குக் கற்றுத் தந்ததிலிருந்து நீங்கள் கற்பித்த வேட்டைப் பிராணிகள் உங்களுக்காகப் பிடித்து வைத்ததை, அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணலாம் என்பது அதன் கருத்து. 'கற்பித்த' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். ஒரே தெருவில் இரண்டு நாய்கள். ஒன்று பயிற்சி பெற்றது, மற்றது பெறாதது. இரண்டும் ஆளுக்கொரு முயலைக் கடித்துக் கொல்கின்றன. ஒன்று கொன்றது ஹலால், மற்றது கொன்றது ஹராம். பல்லும் ஒன்று, ரத்தமும் ஒன்று. வேறுபாடு கல்வியில் மட்டும். கல்வி ஒரு நாய்க்கே இந்தத் தகுதியைக் கொடுக்கிறது என்றால், மனிதப் பிள்ளைக்கு அது என்னதான் கொடுக்காது! மதரஸாவுக்கு அனுப்பாமல் பிள்ளையைத் தெருவில் விடும் தகப்பனார் இதை யோசிக்க வேண்டும்.

பயிற்சி பெற்றது என்பதற்கு அடையாளம் என்ன? ஏவினால் பாய வேண்டும். தடுத்தால் நிற்க வேண்டும். பிடித்ததைத் தின்னாமல் எஜமானுக்காக வைத்திருக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், இது திரும்பத் திரும்ப நடந்து, பழகிவிட்டது என்ற எண்ணம் உறுதியாக வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் மூன்று முறை தின்னாமல் விட வேண்டும் என்று கணக்குச் சொன்னார்கள். பசியுள்ள ஒரு நாய், வாயில் கறி இருக்க, தின்னாமல் நிற்கிறது. யாருக்காக? தன் எஜமானுக்காக. தின்றுவிட்டால் அது தனக்காகப் பிடித்தது என்றாகிவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் அதிய்யு (ரலி) அவர்களுக்கு விளக்கினார்கள். மாலிகி மத்ஹபில், வேறொரு அறிவிப்பின்படி, தின்றாலும் கூடும். பெரும்பாலான இமாம்கள் கூடாது என்ற நிலையில் இருக்கிறார்கள்.

நோன்பில் தண்ணீர்ப் பானை பக்கத்தில் இருக்க, யாரும் பார்க்காத அறையில் நாம் குடிக்காமல் இருக்கிறோமே, அதுவும் இந்தப் பாடம்தான். ஆனால் கடையில் கல்லாப்பெட்டி முன் உட்காரும்போது அந்தப் பாடம் எங்கே போகிறது?

ஏவியவர் யார்?

அடுத்த நிபந்தனை ஏவுதல். நாய் தானாக ஓடிப் போய் முயலைக் கொன்று வந்தால் அது கூடாது. எஜமான் நிய்யத்தோடு ஏவியிருக்க வேண்டும். ஏவும்போது பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே விட்டால் ஹனஃபி மத்ஹபில் ஹராம், மறந்து விட்டால் கூடும். ஷாஃபிஈ மத்ஹபில் பிஸ்மி சொல்வது சுன்னத். வேட்டையில் மறதிக்கும் இடமில்லை என்பது இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் பிரபலமான கருத்து.

நாய் தானாகவே பாய்ந்துவிட்டது, பிறகு எஜமான் சத்தம் கொடுத்து விரட்ட, அது வேகமெடுத்தது என்றால்? ஷாஃபிஈ மத்ஹபின் சரியான சொல்லில் அதுவும் கூடாது. தொடக்கம் அவருடையதாக இல்லை. ஹனஃபி மத்ஹபில், அவருடைய குரலுக்குக் கட்டுப்பட்டு அது வேகமெடுத்திருந்தால் கூடும். இரண்டு மத்ஹபுகளும் தேடுவது ஒன்றைத்தான். இந்தச் செயல் யாருடைய செயல்?

புதருக்குள் நடந்தது என்ன?

சகோதரர்களே! பாடத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம்.

திறந்த வெளியில் வேட்டை எளிது. அரபு நாட்டின் ஸலூகி நாய் கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம். நம் தென்மாவட்டங்களின் சிப்பிப்பாறை நாயும், கன்னி நாயும் அப்படித்தான். ஒல்லி உடம்பு, நீண்ட கால்கள். வெட்டவெளியில் முயல் கிளம்பியது முதல் பிடிபட்டது வரை எல்லாம் உங்கள் கண் முன்னே நடக்கும். எந்த நாய் பிடித்தது, எப்படிச் செத்தது என்பதில் சந்தேகமே வராது.

அடர்ந்த புதரில் கதை வேறு. முள்ளுக்குள் நாயின் கண்ணுக்கு வேலை இல்லை. மூக்குதான் வழிகாட்டும். அதனால்தான் மேலை நாடுகளில் புதர்க்காட்டு வேட்டைக்கு பீகிள் போன்ற மோப்ப இன நாய்களை விடுகிறார்கள். முயலும் லேசுப்பட்டதல்ல. நேராக ஓடாது. வளைந்து ஓடி, வந்த தடத்திலேயே திரும்பி, பக்கவாட்டில் ஒரு தாவு தாவி, ஆடாமல் அசையாமல் பதுங்கிவிடும். விரட்டப்பட்ட முயல் வட்டமடித்துத் தன் பழகிய இடத்துக்கே திரும்பி வரும். வெளியே நிற்கும் மனிதனுக்குக் குரைப்புச் சத்தம் மட்டும் கேட்கும். சத்தம் நெருங்கும், விலகும், திடீரென்று அடங்கும். பிறகு புதரை விலக்கிப் பார்த்தால் முயல் செத்துக் கிடக்கும், பக்கத்தில் நாய் நிற்கும்.

இப்போது ஷரீஅத் கேட்கிறது: உள்ளே நடந்தது என்ன?

உன் நாய்தான் கொன்றதா? அங்கே வேறு நாயும் நிற்கிறதே? உன் நாயோடு வேறு நாயைக் கண்டு, பிராணி செத்திருந்தால் உண்ணாதே, எது கொன்றது என்று உனக்குத் தெரியாதல்லவா என்று நபி (ஸல்) அவர்கள் அதிய்யு (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள். நீ பிஸ்மி சொன்னது உன் நாய்க்கு, அடுத்த நாய்க்கு அல்ல என்றும் சொன்னார்கள். அம்பு பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால் அதையும் உண்ணக் கூடாது. கொன்றது தண்ணீரா அம்பா என்பது தெரியாது.

நாயும் பிராணியும் கண்ணை விட்டு மறைந்து, பிறகு பிராணி செத்துக் கிடக்கக் கண்டால் ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. காயம் பட்டதைப் பார்த்த பிறகு மறைந்திருந்தால் அதில் கருத்து வேறுபாடு உண்டு. அம்பெய்த பிராணி ஒருநாள் கழித்துக் கிடைத்தாலும், தன் அம்பின் அடையாளத்தைத் தவிர வேறெதுவும் அதில் இல்லையென்றால் உண்ணலாம் என்று ஹதீஸ் வருகிறது. அதைக் கவனித்து, கூடும் என்ற சொல்லை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் பலமாக்குகிறார்கள். ஹனஃபி மத்ஹபில் அழகான ஒரு நிபந்தனை இருக்கிறது. பிராணி மறைந்த பிறகும் தேடுவதை நிறுத்தாமல் பின்தொடர்ந்து போய்க் கண்டால் கூடும். இடையில் தேடாமல் உட்கார்ந்துவிட்டு, பிறகு போய்ப் பார்த்தால் கூடாது. உட்கார்ந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதற்கு அவன் பொறுப்பேற்க முடியாது.

எத்தனை நுட்பம் பாருங்கள்! இந்த நாயா, அந்த நாயா? பல்லா, தண்ணீரா? தேடினாயா, உட்கார்ந்தாயா? உயிர் போன விஷயத்தில் அடிப்படை 'ஹராம்' என்பதுதான். ஹலால் என்று நிரூபணமானால்தான் வாய்க்குப் போகும். சந்தேகம் வந்தால் கறியை விட்டுவிட வேண்டும். நாள் முழுக்க ஓடிய களைப்பும், நாய்க்குப் போட்ட தீனியும், வீட்டில் காத்திருக்கும் அடுப்பும் அங்கே வாதமாகாது.

உயிரோடு கிடைத்தால்?

முயலிடம் நீங்கள் போய்ச் சேரும்போது அதற்கு உயிர் நிலையாக இருந்தால், பிஸ்மி சொல்லி அறுத்தே ஆக வேண்டும். அறுக்க நேரமும் வசதியும் இருந்தும் அறுக்காமல் விட்டுச் செத்தால் கூடாது. கத்தி கொண்டு போகாதது காரணமாகாது.

நாயின் வாய் பட்ட இடம் ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ். அந்த இடத்தை வெட்டி எறிய வேண்டியதில்லை. ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவினால் போதும் என்பதே சரியான சொல். அதுபோல, வேட்டை, கால்நடைக் காவல், விவசாயம் ஆகிய தேவைகள் இல்லாமல் நாய் வளர்ப்பவரின் நன்மையில் தினமும் ஒரு கீராத், இன்னோர் அறிவிப்பில் இரண்டு கீராத், குறையும் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. அழகுக்காகவும் அந்தஸ்துக்காகவும் நாய் வாங்குபவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். அதே நேரம் நாயை அடிப்பதும் பட்டினி போடுவதும் பாவம்.

இன்று நம் ஊரில்

இதையெல்லாம் படித்துவிட்டு, "ஹழ்ரத்தே கூடும்னு சொல்லிட்டார்" என்று நாயைக் கூட்டிக் கொண்டு எந்த வாலிபரும் இரவில் கிளம்பிவிட வேண்டாம்!

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கொல்வது மட்டும் குற்றமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, நாயை விட்டுத் துரத்துவது, அதற்கு முயல்வது எல்லாமே அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் வரும். சிறையும் அபராதமும் உண்டு. திருவிழா நாட்களில் முயல் வேட்டைக்குப் போய் வனத்துறையிடம் சிக்கும் செய்திகளை நாம் படிக்கத்தான் செய்கிறோம்.

"அல்லாஹ் ஹலாலாக்கியதை அரசாங்கம் எப்படித் தடுக்கலாம்?" என்று சிலர் கேட்கலாம். ஆகுமான ஒரு காரியத்தைப் பொது நன்மைக்காக ஆட்சியாளர் தடுத்தால் கட்டுப்பட வேண்டும் என்பது நம் ஃபுகஹாக்கள் சொன்னதுதான். வேட்டையாடாமல் இருப்பதால் எந்த ஃபர்ளும் விடுபடப் போவதில்லை. வேட்டையைத் தடுத்த எல்லைகள் நம் மார்க்கத்திலேயே உண்டு. மக்கா ஹரமில் வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாது. மதீனாவின் இரு கருங்கல் பூமிகளுக்கு இடைப்பட்ட பகுதியையும் நபி (ஸல்) அவர்கள் புனித எல்லையாக அறிவித்தார்கள். இஹ்ராமில் இருப்பவர் ஒரு முயலைக் கொன்றுவிட்டால் அதற்கு ஈடாக ஒரு பெண் வெள்ளாட்டுக் குட்டி என்று ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஸூரத்துல் மாயிதாவின் 94-வது வசனம், கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளை வர வைத்து அல்லாஹ் சோதிப்பான் என்கிறது. எட்டாததை விடுவது பெரிய காரியமல்ல. கைக்கு எட்டியதை, அல்லாஹ் தடுத்தான் என்பதற்காக விடுவதுதான் ஈமான்.

இன்னொன்று. பசிக்காக வேட்டையாடுவது வேறு, பொழுதுபோக்குக்காக ஓர் உயிரை வதைப்பது வேறு. முயலை நாய்கள் கிழிப்பதைப் படம் பிடித்து அனுப்பி ரசிப்பது எந்த ஊர் தீன்? உயிருள்ள பிராணியைக் கட்டி வைத்து அம்பெய்து விளையாடிய வாலிபர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்குபவர்களை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாகச் சொன்னார்கள். வேட்டையின் பின்னாலேயே அலைபவன் பராமுகத்தில் விழுகிறான் என்ற கருத்திலும் ஹதீஸ் உண்டு. இரவெல்லாம் காட்டில், பஜ்ரு நேரத்தில் படுக்கையில்! அந்த முயல் நமக்கு வேண்டாம். ஆசையிருந்தால் வளர்ப்பு முயலை வாங்கி, முறையாக அறுத்துச் சாப்பிடுங்கள்.

நம் வாழ்வின் புதர்கள்

சரி, வேட்டையாடப் போவதில்லை என்றால் இந்தப் பாடம் நமக்கு எதற்கு?

நாம் எல்லோரும் எதையோ ஏவிவிட்டு வெளியே நிற்பவர்கள்தாம். சேமிப்புப் பணத்தை ஏவுகிறோம். அது யாருடைய கையிலோ, கண்ணுக்குத் தெரியாத ஒரு புதருக்குள் நுழைகிறது. மாதம் பிறந்தால் ஒரு தொகை வாயில் கவ்விக் கொண்டு வருகிறது. உள்ளே என்ன நடந்தது என்று கேட்டோமா? "லாபம் வருதுல்ல, அதுபோதும்" என்கிறோம். வியாபாரம் என்ன, சரக்கு என்ன, நஷ்டத்தில் பங்கு உண்டா, வட்டி கலந்ததா, அடுத்தவர் போட்ட முதலையே எடுத்து நமக்கு லாபம் என்று கொடுக்கிறார்களா? எதுவும் தெரியாது. அடுத்த நாய் ஒன்று பக்கத்தில் நின்றதற்கே முயலை விடச் சொன்ன மார்க்கம் இது. நாமோ நூறு நாய்கள் நிற்கும் புதரிலிருந்து வந்த கறியை பிஸ்மி சொல்லிச் சாப்பிடுகிறோம். மனைவியின் நகையை விற்றும், மகளின் கல்யாணத்துக்கு வைத்ததை எடுத்தும் இப்படிப் போட்டுவிட்டு, ஒருநாள் புதர் அடங்கிய பிறகு தலையில் கை வைத்த குடும்பங்கள் எத்தனை! கேட்க வேண்டிய நாளில் கேட்டிருந்தால் துன்யாவும் தப்பியிருக்கும், ஆகிரத்தும் தப்பியிருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் தகப்பனார் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறார். அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டால் போதாது. ஹனஃபி இமாம்கள் சொன்னதை நினைவில் வையுங்கள்: மறைந்த பிறகும் தேடுவதை நிறுத்தாதவனுக்குத்தான் ஹலால். பிள்ளை யாரோடு பழகுகிறான், எங்கே தங்குகிறான் என்று பாசத்தோடு பின்தொடர வேண்டும்.

கடையில் ஆள் வைத்திருக்கிறீர்களா? அவர் உங்கள் பெயரில் எடை போடுகிறார். அவர் சொல்லும் பொய்யால் வந்த லாபம் உங்கள் வீட்டு உலையில் வேகிறது. அவரைப் பழக்கினீர்களா? தடுத்தால் நிற்பாரா? இல்லை, "விற்றால் சரி" என்று அவிழ்த்து விட்டீர்களா?

இன்று இரவு சாப்பிட உட்காரும் முன், இந்த மாதம் வீட்டுக்குள் வந்த வருமானத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, அது எங்கிருந்து எப்படி வந்தது என்று எழுதுங்கள். எழுத முடியாத இடம் எதுவோ, அதுதான் உங்கள் புதர். போய் விலக்கிப் பாருங்கள், கேளுங்கள், ஆலிம்களிடம் விளக்கம் பெறுங்கள். தெளிவாகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அல்லாஹ்வுக்காக ஒன்றை விட்டவரை அல்லாஹ் கைவிட மாட்டான்.

வல்ல ரஹ்மான் நமக்கும் நம் மனைவி மக்களுக்கும் தெளிவான ஹலாலைத் தந்து, சந்தேகமானதை விட்டும் விலகும் பேணுதலைத் தருவானாக! வாயில்லா ஜீவன்கள் மீது இரக்கம் உள்ளவர்களாக நம் பிள்ளைகளை ஆக்குவானாக! ஏமாற்றப்பட்டுப் பணத்தை இழந்து தவிக்கும் சகோதரர்களுக்குச் சிறந்த பகரத்தைத் தருவானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.